வளர்ந்த குற்றத்துக்குத் தண்டனை: பாபி டிரிஸ்கால் என்ற உடலை முன்வைத்து

1

'புகழ்போதை' என்று ஒரு சொல் நம்மிடம் இருக்கிறது. நடிகர் மேல், அரசியல்வாதி மேல், நேற்று முதல் கவிதை அச்சேறிய இளைஞர் மேல், யார் மேல் வேண்டுமானாலும் இதை ஏவிவிடலாம். "புகழ்போதை தலைக்கேறிடுச்சு, அதான் இப்படி ஆயிட்டான்" என்ற ஒற்றை வாக்கியத்தில் ஒரு முழு வாழ்க்கையைச் சுருட்டி மூலையில் வைத்துவிட முடிகிறது. குழந்தை நட்சத்திரமாக இருந்து, பிறகு போதைப்பொருளில் சிக்கிச் செத்துப்போனவர்களைப் பற்றி எழுதப்படுகிறவற்றில் பெரும்பாலும் இந்தச் சொல்லின் தர்க்கம்தான் வேலை செய்கிறது. முதலில் புகழ் என்ற போதை. அது இறங்கியதும் அந்த இடத்தை நிரப்ப மாத்திரை, ஊசி, குடி. கடைசியில் சாவு. படிக்கிறவருக்கு ஒரு நீதியும் இலவசமாகக் கிடைக்கிறது: அளவோட இருந்திருக்கணும்.

இந்தக் கதையாடலில் இரண்டே பாத்திரங்கள். ஒன்று குழந்தை, இன்னொன்று அதன் பலவீனம். முதலாளி கிடையாது. ஒப்பந்தம் கிடையாது. வேலைநேரம், கூலி, சட்டம், போலீஸ், மருந்துக்கடை ஒன்றுமே கிடையாது. ஒரு தொழிலாளி இயந்திரத்தில் கையைக் கொடுத்துவிட்டால் 'அஜாக்கிரதை' என்று எழுதிக்கொள்கிற ஆலை மேலாளரின் மொழிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விடுபட்ட இந்தப் பாத்திரங்களை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிறுத்திப் பார்க்கலாம் என்பதே என் நோக்கம். அதற்கு நான் எடுத்துக்கொள்வது பாபி டிரிஸ்கால் என்ற அமெரிக்க நடிகரின் வாழ்க்கை.

2

டிரிஸ்கால் 1937 மார்ச் 3 அன்று அயோவா மாநிலத்தின் சீடார் ராபிட்ஸ் நகரில் பிறந்தார். குடும்பம் கலிஃபோர்னியாவுக்குப் பெயர்ந்தபின், ஆறு வயதுக்குள் சினிமாவுக்கு வந்துவிட்டார். அதுவரை கார்ட்டூன்களையே பிரதானமாக எடுத்துவந்த வால்ட் டிஸ்னி நிறுவனம், ரத்தமும் சதையுமான நடிகர்களை நீண்டகால ஒப்பந்தத்தில் முதன்முதலாகப் பிணைத்தபோது அதில் ஒருவர் இந்தப் பையன். படம் 'சாங் ஆஃப் த சவுத்' (1946).

இந்தப் படத்தைத் தாண்டிப் போக எனக்கு மனமில்லை. தனிமையில் வாடும் ஒரு வெள்ளைக்காரச் சிறுவனுக்கு, பண்ணையில் வாழும் வயதான கறுப்பர் ஒருவர் கதை சொல்லி ஆறுதல் தருகிறார். கறுப்பர்களின் துன்பத்தைச் சிரித்த முகமாக மாற்றிக் காட்டுகிறது என்று அப்போதே என்.ஏ.ஏ.சி.பி. அமைப்பு கண்டித்தது. அந்தக் கறுப்பராக நடித்த ஜேம்ஸ் பாஸ்கெட், 1946 நவம்பரில் அட்லாண்டாவில் நடந்த முதல் காட்சிக்கு வர முடியவில்லை. நிறப்பிரிவினை அமலில் இருந்த ஊர் அது. 1948இல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கர் கொடுத்தார்கள். அதே ஆண்டு அவர் இறந்துபோனார். திரையில் அந்தக் கிழவரின் மடியில் ஆறுதல் தேடிய பையனுக்கும் பிறகு ஓர் ஆஸ்கர் வந்தது. குழந்தைகளுக்கென்றே 1930களில் ஏற்படுத்தப்பட்ட, வழக்கமான சிலையைவிடச் சின்னதாகச் செய்யப்பட்ட 'ஜுவனைல்' விருது. 1949ஆம் ஆண்டின் நடிப்புக்காக, குறிப்பாக 'த விண்டோ' படத்துக்காக, 1950இல் அதை வாங்கியபோது டிரிஸ்காலுக்கு வயது 13.

1950இல் 'ட்ரெஷர் ஐலண்ட்' வெளிவந்தது. இங்கிலாந்தில் படப்பிடிப்பு. அந்நாட்டில் வேலை செய்யப் பையனுக்கு முறையான அனுமதி இல்லை என்று வழக்கு வந்தது, அபராதம் விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டுக்குக் கிடைத்த அவகாசத்தில் நிறுவனம் என்ன செய்தது? பையனின் முகம் தெரிய வேண்டிய காட்சிகளை அவசர அவசரமாக எடுத்து முடித்தது. 'குழந்தை வேலை செய்யக்கூடாது' என்று ஒரு நாட்டின் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டம் கொடுத்த அவகாசமே கூடுதல் வேலைநேரமாக மாற்றப்படுகிறது. சுரண்டலின் இலக்கணத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா, தெரியவில்லை.

1953 பிப்ரவரியில் 'பீட்டர் பான்' வந்தது. வளரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பையனின் கதை. பீட்டருக்குக் குரல் கொடுத்தவர் டிரிஸ்கால். ஓவியர்கள் முக பாவங்களை வரைவதற்கு மாதிரியாக நின்றவரும் அவர்தான். அதே 1953இல் டிஸ்னி அவருடைய ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டது. வயது 16.

3

ஏன் அனுப்பினார்கள்? முகப்பரு கடுமையாகிவிட்டது, கனமாக ஒப்பனை போட வேண்டியிருந்தது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். கேட்கும்போது அற்பமாக இருக்கிறது. ஆனால் இந்த அற்பத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எந்தத் தொழிலிலும் வருஷம் போகப்போகத் தொழிலாளிக்குக் கை பழகும். தச்சரோ, தறிக்காரரோ, அச்சுக்கோப்பவரோ, பத்து வருஷ அனுபவம் என்றால் அதற்கு ஒரு மதிப்பு உண்டு. முதலாளி தர மறுத்தாலும், கேட்பதற்கு ஒரு நியாயமாவது உண்டு. குழந்தை நடிகரிடம் இது தலைகீழ். அங்கே விலைபோவது நடிப்புத் திறன் மட்டும் கிடையாது, 'குழந்தைமை' என்ற சரக்கு. அந்தச் சரக்கு கிடங்கில் இருக்கும்போதே ஒவ்வொரு ராத்திரியும் கெட்டுக்கொண்டிருக்கிறது. பையன் தூங்கி எழுந்தால் குரல் உடைகிறது, மீசை அரும்புகிறது, முகத்தில் பரு வருகிறது. மற்ற பையன்களுக்கு இதெல்லாம் இயற்கை. இவனுக்கு ஒப்பந்த மீறல். உடல் செய்யும் வேலைநிறுத்தம் என்றே சொல்வேன், அந்த உடலுக்குச் சொந்தக்காரனே விரும்பாத வேலைநிறுத்தம்.

பள்ளியும் படைமுகாமும் தொழிற்சாலையும் சிறையும் மனித உடலை எப்படிப் பணியவைத்துப் பயனுள்ளதாக்குகின்றன என்று ஃபூக்கோ காட்டினார். அந்த வரிசையில் ஸ்டுடியோவையும் நாம் சேர்த்துக்கொள்ளலாம். அங்கே ஒரே மதிலுக்குள் வகுப்பறையும் இருந்தது, படப்பிடிப்புத் தளமும் இருந்தது, மருத்துவரும் இருந்தார். என்ன சாப்பிடுவது, எப்போது தூங்குவது, எப்படிச் சிரிப்பது எல்லாம் ஒழுங்கமைக்கப்பட்டது. கண்காணிப்பிலேயே உருவான தன்னிலை அது. திடீரென்று ஒருநாள் கண்காணிப்பு விலக்கப்படுகிறது. சிறையிலிருந்து வருகிறவருக்குக்கூட ஒரு நன்னடத்தை அதிகாரி உண்டு. இந்தப் பையனுக்கு யாருமில்லை. ஸ்டுடியோ உலகத்திலிருந்து அவர் சாதாரணப் பள்ளிக்குப் போனபோது, பழைய படங்களை வைத்தே சக மாணவர்கள் அவரைச் சீண்டினார்கள். போதைப்பொருள் பழக்கம் ஏறக்குறைய 17 வயதில் தொடங்கியது என்பதே அவரே சொன்ன கணக்கு. வேலைநீக்கம் 16இல், ஊசி 17இல். இந்த வரிசையைக் கவனியுங்கள். புகழின் உச்சியில் இருந்தபோது தொடங்கிய பழக்கம் கிடையாது இது. வேலை போன பிறகு வந்தது. பழக்கத்தால் வேலை போனது என்ற பொதுப்புத்தி இங்கே தலைகீழாகிறது.

4

"போதை"ன்னு எதைச் சொல்றோம்? இதையும் கொஞ்சம் கட்டுடைத்துப் பார்க்க வேண்டும்.

ஜூடி கார்லண்டை எடுத்துக்கொள்வோம். 1935இல், 13 வயதில் எம்.ஜி.எம். ஸ்டுடியோ அவரை ஒப்பந்தம் செய்தது. 1939இல் 'த விசர்ட் ஆஃப் ஆஸ்'. நீண்ட படப்பிடிப்பில் விழித்திருக்க ஆம்ஃபெடமைன் மாத்திரையும், பிறகு தூங்கவைக்க வேறு மாத்திரையும் தனக்கும் சக நடிகர் மிக்கி ரூனிக்கும் தரப்பட்டதாக அவர் பிற்காலத்தில் சொன்னார். ஸ்டுடியோ மேல் பழி போடக்கூடாது என்று ரூனி மறுத்தார். யார் சொன்னது சரி என்று தீர்ப்பு எழுத நான் வரவில்லை. ஒன்று மட்டும் தெளிவு: 1930களில் இந்த மாத்திரைகள் சட்டப்படியானவை, மருத்துவர் எழுதித் தருகிறவை, சோர்வுக்கும் உடல் பருமனுக்கும் நவீன மருந்து என்று கொண்டாடப்பட்டவை. படப்பிடிப்பு அட்டவணைக்கு உடலைப் பொருத்துகிற கருவி. கேமராவுக்கு எண்ணெய் போடுவதைப் போல. 1950இல் எம்.ஜி.எம். கார்லண்டை வெளியே அனுப்பியது. 1969 ஜூன் 22 அன்று லண்டனில், தூக்க மாத்திரை அளவுக்கு மிஞ்சியதால் 47 வயதில் இறந்தார். தற்செயல் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார்.

உற்பத்திக்குப் பயன்படும்வரை அதற்குப் பெயர் 'மருந்து'. உற்பத்திக்கு வெளியே தள்ளப்பட்ட உடல் அதே போன்ற ஒன்றைத் தெருவில் தேடும்போது அதற்குப் பெயர் 'போதைப்பொருள்'. வேதியியலைவிட, யாருடைய நேரத்தில், யாருடைய லாபத்துக்கு என்பதே இந்தப் பெயர்களைத் தீர்மானிக்கிறது.

டிரிஸ்கால் தெருப்பக்கம் தள்ளப்பட்டவர். 1956இல் போதைப்பொருள் வழக்கில் முதல் கைது. அந்த வழக்கு தள்ளுபடியானது. ஆனால் கைதுகள் தொடர்ந்தன. 1960இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயரில் ஒரு நட்சத்திரம் பதித்தார்கள். 1961இல் 'போதைக்கு அடிமையானவர்' என்று தண்டித்து, சீனோ சிறை வளாகத்திலுள்ள போதை மறுவாழ்வு மையத்தில் அடைத்தார்கள். இரண்டும் கலிஃபோர்னியாவில்தான். பெயரை நடைபாதையில் வைத்துக்கொண்டு ஆளை உள்ளே போட்டார்கள்.

அன்று கலிஃபோர்னியாவில் போதைப்பொருளை வைத்திருப்பதோ விற்பதோ மட்டும் குற்றமாக இருக்கவில்லை. 'அடிமையாக இருப்பதே' குற்றம், குறைந்தது 90 நாள் சிறை. அதாவது செய்த காரியத்துக்காக இல்லை, இருக்கும் நிலைக்காகத் தண்டனை. 1962இல் 'ராபின்சன் எதிர் கலிஃபோர்னியா' வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இது செல்லாது என்றது. சளி பிடித்திருக்கிறது என்பதற்காக ஒருவரை ஒருநாள் சிறையில் வைத்தாலும் அது கொடுந்தண்டனைதான் என்ற பொருளில் தீர்ப்பு வாதிட்டது. எனக்கு இதில் படுவது இதுதான்: டிரிஸ்கால் இரண்டு முறை தண்டிக்கப்பட்டவர், இரண்டு முறையும் தன் நிலைக்காகவே. ஸ்டுடியோ அவரை 'வளர்ந்தவன்' என்பதற்காகத் தண்டித்தது. அரசு 'அடிமை' என்பதற்காகத் தண்டித்தது. முதல் தண்டனைக்கு எந்த நீதிமன்றமும் கிடையாது.

5

சரி, அந்தக் குழந்தைகள் சம்பாதித்த பணம் எங்கே போச்சு?

ஜாக்கி கூகன் கதை தெரிந்திருக்கும். சாப்ளினின் 'த கிட்' (1921) படத்தில் வந்த பையன். முப்பது, நாற்பது லட்சம் டாலர் சம்பாதித்ததாக மதிப்பிடப்பட்டவர். 21 வயதாகிப் பணத்தைக் கேட்டபோது கொடுக்க மறுத்த தாய் மீதும் வளர்ப்புத் தந்தை மீதும் 1938இல் வழக்குப் போட்டார். 21 வயதுக்குள் பிள்ளை சம்பாதிக்கும் ஒவ்வொரு டாலரும் பெற்றோருக்கே என்பது தாயின் வாதம். அன்றைய சட்டமும் அதைத்தான் சொன்னது. கடைசியில் கூகனுக்குக் கிடைத்தது சுமார் 1,26,000 டாலர். இதைத் தொடர்ந்து 1939இல் கலிஃபோர்னியாவில் 'கூகன் சட்டம்' வந்தது. ஆனால் நீதிமன்ற ஒப்புதலுக்குப் போன ஒப்பந்தங்களை மட்டுமே அது தொட்டது, மற்றவை தப்பின. சம்பாத்தியம் குழந்தையின் தனிச்சொத்து, அதில் 15 சதவீதத்தைக் கட்டாயம் ஒதுக்கி வைக்க வேண்டும் என்று திருத்தம் அமலுக்கு வர 2000ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

கூகன் வழக்குப் போட்ட அதே 1938இல் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி அரசு குழந்தை உழைப்பைக் கட்டுப்படுத்தும் நியாயத் தொழில்தரச் சட்டத்தைக் கொண்டுவந்தது. அதில் சினிமாவிலும் நாடகத்திலும் நடிக்கும் குழந்தைகளுக்கு விலக்கு. ஆலையில் நிற்கும் குழந்தை தொழிலாளி, கேமரா முன் நிற்கும் குழந்தை கலைஞர். 'கலை' என்ற சொல் இங்கே என்ன வேலை செய்கிறது பாருங்கள். உழைப்பை மறைக்கிற திரை.

இது எங்கோ அமெரிக்க விவகாரம் என்று நாம் ஒதுக்க முடியாது. இந்தியாவின் குழந்தைத் தொழிலாளர் சட்டத்துக்கு 2016இல் வந்த திருத்தம் 14 வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடை செய்துவிட்டு, குடும்பத் தொழிலுக்கும் சினிமா, தொலைக்காட்சி, விளம்பரக் 'கலைஞர்'களுக்கும் வாசல் திறந்துவைத்தது. சர்க்கஸுக்கு மட்டும் அந்த வாசல் கிடையாது. கம்பியில் நடக்கும் ஏழைக் குழந்தை தொழிலாளி, சோப்பு விளம்பரத்தில் சிரிக்கும் குழந்தை கலைஞர்! 2017 விதிகள் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைக் குழந்தையின் பெயரில் வங்கியில் போட வேண்டும் என்கின்றன. நல்லது. ஆனால் 15ஆனாலும் 20ஆனாலும் இந்தச் சதவீதங்கள் பணத்தை மட்டுமே பார்க்கின்றன. வேலை போகும் நாளைப் பற்றி அவற்றில் ஒரு வரியும் இல்லை. அந்த நாளுக்குப் பிறகு அந்த உடலை யார் ஏற்றுக்கொள்வது?

6

நண்பர்கள் இரண்டு பக்கமிருந்தும் என்னிடம் சண்டைக்கு வருகிறார்கள். முதல் நண்பர் கேட்கிறார்: "எல்லாரும் அழிஞ்சா போயிட்டாங்க? ஷிர்லி டெம்பிள் தூதரா ஆகலையா?" ஆனார். கானாவிலும் பிறகு செக்கோஸ்லோவாகியாவிலும் தூதராக இருந்தார். ஆனால் வளர்ந்து கணக்குப் பார்த்தபோது, குழந்தையாகச் சம்பாதித்த முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட டாலரில் ஐம்பதாயிரம்கூட மிஞ்சவில்லை என்று அவரே எழுதியிருக்கிறார். பணம் பறிபோவதற்கும் வீழ்ச்சிக்கும் நேர்க்கோடு போட முடியாது என்பது உண்மை. பிழைத்த ஒருவரைக் காட்டி, பிழைக்காதவரின் மன உறுதியைக் குறைசொல்ல முடியாது என்பதும் உண்மை. ஆலை விபத்தில் தப்பியவர் இருக்கிறார் என்பதற்காக விபத்து நடக்கவில்லை என்றாகிவிடுமா?

இரண்டாவது நண்பர் நம் சிறுபத்திரிகை வட்டத்துக்காரர். அவர் டிரிஸ்காலை 'சபிக்கப்பட்ட கலைஞன்' ஆக்கப் பார்க்கிறார். இந்த ஆசை நமக்கு ரொம்பப் பழக்கமானது. குடித்து, அலைந்து, சின்ன வயசில் செத்துப்போனால்தான் கவிஞன் என்று நம்புகிற ஒரு நோய் நம் மத்தியில் உண்டு. செத்தவருக்குச் சிறப்பிதழ் போடுவோம். உயிரோடு இருந்தபோது ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆள் இருந்திருக்காது. 'புகழ்போதை' என்ற பொதுப்புத்தியும் 'சபிக்கப்பட்ட கலைஞன்' என்ற நம் கதையாடலும் பார்வைக்கு எதிரெதிர். ஒன்று கண்டிக்கிறது, இன்னொன்று கும்பிடுகிறது. இரண்டிலுமே காரணம் அந்த மனிதரின் உள்ளே இருக்கிறது. வெளியே இருக்கிற யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை.

அதே நேரம் என் வாதமும் அவரை வெறும் பலியாள் ஆக்கிவிடக்கூடாது. டிரிஸ்கால் கலிஃபோர்னியாவில் வாலஸ் பெர்மன் என்ற கலைஞரின் வட்டத்தில் பழகி, காகிதத் துண்டுகளை ஒட்டிப் படைப்புகள் செய்தார். 1965 வாக்கில் நியூயார்க் போய், ஆண்டி வார்ஹோலைச் சுற்றியிருந்த கலைஞர்களோடு இருந்தார். பியரோ ஹெலிட்சர் எடுத்த 'டர்ட்' என்ற பரீட்சார்த்தப் படத்தில் நடித்தார். நாம் அறிந்தவரை அதுதான் கடைசி. முகம் விலைபோகாத பிறகும் வேலை செய்ய முயன்ற ஒரு மனிதரின் தடயங்கள் இவை. தன்னை வெள்ளித் தட்டில் ஏந்திப்போய்ப் பிறகு குப்பையில் கொட்டிவிட்டார்கள் என்ற பொருளில் அவர் பேசியதாகவும் பதிவு உண்டு. தனக்கு என்ன நடந்தது என்பதைப் பற்றிய தெளிவான விமர்சனம் அவரிடம் இருந்தது. 'போதையாளி' என்ற முத்திரைக்குப் பின்னால் நாம் கேட்கத் தவறிய குரல் அது.

7

1968 மார்ச் 30 அன்று நியூயார்க்கின் ஈஸ்ட் வில்லேஜில் ஆளில்லாத ஒரு கட்டடத்தில் விளையாடிக்கொண்டிருந்த இரண்டு சிறுவர்கள் ஒரு பிணத்தைப் பார்த்தார்கள். வயது 31. அடையாளம் தெரியவில்லை. நீண்டகாலப் போதைப் பழக்கத்தால் ரத்தக்குழாய்கள் கெட்டு இதயம் நின்றிருந்தது. கேட்டுவர ஆளில்லாததால் நகராட்சி ஹார்ட் தீவில் புதைத்தது. அநாதைப் பிணங்களும் ஏழைகளின் பிணங்களும், இன்று கணக்கில் பத்து லட்சத்துக்கு மேல், கிடக்கும் தீவு அது. அங்கே குழிவெட்டிப் புதைக்கும் வேலையை 2020 வரை சிறைக்கைதிகள்தான் செய்துவந்தார்கள். டிரிஸ்கால் போய்ச் சேர்ந்த காலத்தில் அதே தீவில் ஃபீனிக்ஸ் ஹவுஸ் என்ற போதை மறுவாழ்வு மையமும் நடந்துகொண்டிருந்தது. 1967இல் தொடங்கியது. சிறை, மறுவாழ்வு மையம், புதைகுழி. சமூகம் தன் கழிவு என்று கருதியதையெல்லாம் ஒரே துண்டு நிலத்தில் அடுக்கியிருந்தது.

1969இல், கணவர் சாகக்கிடந்த நிலையில் மகனைத் தேடினார் டிரிஸ்காலின் தாய். போலீஸ் கோப்பிலிருந்த கைரேகைதான் அடையாளம் காட்டியது. யோசித்துப் பாருங்கள். லட்சக்கணக்கான பேர் பார்த்த முகம் ஒருவரை அடையாளம் காட்டவில்லை. கைது செய்தபோது எடுத்த ரேகை காட்டியது. பிம்பம் கைவிட்ட இடத்தில் குற்றப்பதிவேடு அவரை நினைவில் வைத்திருந்தது. வெளியுலகுக்குச் சாவு தெரிய 1970களின் தொடக்கம் ஆனது. 'சாங் ஆஃப் த சவுத்' மறுபடி திரைக்கு வந்த சமயம்.

அமெரிக்காவில் முன்னாள் குழந்தை நடிகர்கள் பிறகு அமைப்பாகத் திரண்டார்கள். 1990 ஜனவரியில் ரஸ்டி ஹேமர் என்ற முன்னாள் குழந்தை நடிகர் தற்கொலை செய்துகொண்டபின், பால் பீட்டர்சன் 'எ மைனர் கன்சிடரேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கினார். அவரும் முன்னாள் குழந்தை நடிகர்தான். நடிகர் சங்கமும் இந்த அமைப்பும் அழுத்தம் கொடுத்ததால்தான் கூகன் சட்டத்தின் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் சாத்தியமாயிற்று. தங்களை 'விழுந்த நட்சத்திரங்கள்' என்று அழைத்துக்கொண்டிருந்தால் இது நடந்திருக்காது. தங்களைத் தொழிலாளிகளாக அடையாளம் கண்டதால் நடந்தது.

விமர்சனம் எழுதுகிறவர்களும் இயக்கங்களில் வேலை செய்கிறவர்களும் இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு என்று நினைக்கிறேன். அடுத்தமுறை இப்படியொரு சாவுச் செய்தி வரும்போது, என்ன உட்கொண்டார் என்று கேட்பதற்கு முன்னால் சில சாதாரணக் கேள்விகளைக் கேட்கலாம். எந்த வயதில் வேலைக்கு வந்தார்? ஒப்பந்தத்தில் கையெழுத்து யாருடையது? ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்? பணம் யார் கணக்கில் ஏறியது? எந்த வயதில், என்ன காரணம் சொல்லி அனுப்பினார்கள்? அனுப்பிய மறுநாள் காலையில் அவர் வீட்டுக் கதவைத் தட்டியது யார்? இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லாத இரங்கல் கட்டுரை எதுவானாலும், அதை ஸ்டுடியோவின் விளம்பரத் துறை எழுதியதாகவே நான் வாசிப்பேன்.